பெட்டியிடம் மட்டும்

ஸ்கேன் அறையில் டாக்டர், கணவர், மனைவி மூவருக்கும் லேசர் கண்ணில் படாதிருக்கக் கறுப்புக் கண்ணாடி. கணவர் சுவர் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். லேசர் டிக் டிக்கென்று துடிக்கிறது. "வெளிச்சம் பட்டதும் உள்ளே ஓடுற ரத்தம் மெல்லச் சத்தம் போடும்மா. மெஷின் அதைக் கேட்டுப் படமாக்கிடும்," என்கிறாள் டாக்டர். முப்பது வருஷமாக மனைவி தொண்டை வறளக் கேட்டும் 'ஒண்ணுமில்ல' என்பதைத் தாண்டாத மனுஷனின் உடம்பு, இந்தப் பெட்டியிடம் மட்டும் கதைகதையாகச் சொல்கிறதாம்! மனைவிக்கு வயிறு எரிகிறது. திரையில், புராஸ்டேட் சுரப்பியின் ஓரத்தில், கடுகளவு சிவப்பு மினுங்குகிறது. "கேன்சராவே இருந்தாலும் ஆரம்பம்தான் சார், பயப்படாதீங்க." "எட்டு மாசமா அந்தப் பயந்தாம்மா," என்று டாக்டரிடம் சட்டென்று சொல்கிறார் அவர். அந்த எட்டு மாதமும் வீட்டில் அவரோடு ஒரே கட்டிலில்தான் மனைவியும் படுத்திருந்தாள். "முடிஞ்சுது, நீங்க கண்ணாடியைக் கழட்டிடலாம்மா." "இருக்கட்டும்," என்கிறாள் மனைவி, "ஒண்ணுமில்ல."