மூன்று மணிக் குரல்

சரியாக மூன்று மணிக்கு அந்தக் கிசுகிசுப்பு மறுபடியும் கேட்டது. ஹாலில் உட்கார்ந்து சுடோகு போட்டுக்கொண்டிருந்த லிஃப்ட்காரர், பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவி காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஆண் குரலா பெண் குரலா என்று தெரியவில்லை. யாரோ யாருக்கோ ரகசியம் சொல்வதுபோல் இருந்தது. இது நாலாவது நாள்.

முப்பத்து மூன்று வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக மோட்டார் அறைகளில் நின்று நின்று காது மந்தமாகிப் போனவர் அவர். போன வாரம்தான் காதுக்கு மெஷின் வைத்தார்கள். "காது கேக்காமயே விட்டா மூளைக்கு வேலை குறைஞ்சிடும் சார், ஞாபகமும் அடி வாங்கலாம்" என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள், "இன்னைக்கே மாட்டிவிட்டுடுங்க டாக்டர்" என்றாள் கூட வந்த மனைவி.

இரண்டு வருஷமாக வீட்டில் அவள் ராஜ்யம்தான். காலையில் முக்கால் மணி நேரம் நடை, சர்க்கரை இல்லாத காபி, தினம் ஒரு பழைய நண்பருக்குப் போன், மூளைக்குப் பயிற்சி என்று இடது கையால் பல் தேய்ப்பு. பல்லைவிட மீசைக்குத்தான் பேஸ்ட் அதிகம் செலவானது.

காபியோடு ஒரு பரீட்சையும் உண்டு.

"நேத்து யாரு வந்துட்டுப் போனாங்க? சிலிண்டர் என்னைக்கு மாத்தினோம்? பேரன் எத்தனாவது படிக்கிறான்?"

அவர் சொல்லச் சொல்ல, அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். சரியா தப்பா என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"ஒரு மார்க்காவது போடேன்."

"பேசாம அடுத்ததைச் சொல்லுங்க."

எல்லாம் அவருடைய அண்ணனைப் பார்த்து வந்த பயம். அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆளில்லாத அறையில் யாரோ பேசுகிறார்கள் என்றார். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பார்க்கப் போன தம்பியிடமே "உங்களுக்கு யார் வேணும்?" என்று மரியாதையாகக் கேட்கிறார்.

குரல் கேட்ட முதல் நாள் லிஃப்ட்காரர் மனைவியிடம் வாயைவிட்டார்.

"உள்ள யாராவது பேசினாங்களா?"

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "யாருமில்லையே! என்னங்க கேட்டுச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல, மெஷின் இரையுது" என்று மழுப்பிவிட்டார்.

அவளுக்குத் தெரிந்தால் மகளுக்குத் தெரியும். மகளுக்குத் தெரிந்தால் டாக்டர், ஸ்கேன், கடைசியில் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டில். நாற்பத்தோரு வருஷம் கூட இருந்தவளை விட்டுவிட்டு ஒரு நாள்கூட அவரால் இருக்க முடியாது.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எழுந்தார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிப்பதுதானே அவருக்குச் சோறு போட்ட தொழில்! ஹால் சுவரில் இல்லை. சமையலறையில் கொஞ்சம் கூடியது. இரண்டு அடி வைப்பார், நிற்பார், தலையைச் சாய்த்துக் கேட்பார்.

ஸ்டோர் ரூம். கதவு சாத்தியிருந்தது, இடுக்கில் வெளிச்சமும் இல்லை. காது மெஷினின் சின்னச் சக்கரத்தை மெல்லத் திருகினார்.

கிசுகிசுப்பு தெளிந்து குரலாயிற்று. அவள் குரல்!

லிஃப்ட்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேயும் இல்லை, பிரமையும் இல்லை. மூளை கல்லுமாதிரி இருக்கிறது. நாலு நாளாகப் பயந்து செத்ததை நினைத்தால் அவருக்கே சிரிப்பு வந்தது. துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது? கையும் களவுமாகப் பிடித்து, ராத்திரிவரை கிண்டல் செய்வதென்று கதவைத் தட்டக் கையை உயர்த்தினார்.

உள்ளே அவள் இருட்டில், பாடம் ஒப்பிக்கும் குழந்தையைப்போல், ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஹால்ல உக்காந்திருக்கிற பெரியவர் என் புருஷன்தான்... பயப்படக் கூடாது."