மரத்தடி ஊஞ்சல்

ஊரார் சேர்ந்து இணையத்தில் வரையும் வரைபடத்தில் அந்தப் பூங்காவின் விளையாட்டுத் திடலை வரைந்தவள் கீர்த்திகாதான். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கோடு போட்டாள். தூங்குமூஞ்சி மரத்தடியில் இருந்த ஊஞ்சல் அதில் தெரியவே இல்லை; கோட்டுக்கு வெளியே விடுபட்டுப்போனது.

இப்போது அவள் போட்ட கோடுதான் சட்டம். தாண்டினால் குழந்தையின் கையில் மாட்டிய பட்டை அலறும். மூன்றாம் முறை அலறினால் அந்தக் குழந்தைக்குப் பூங்காக் கதவு இனித் திறக்காது. வரைபடத்தில் இல்லாத ஊஞ்சலை ஆறு மணிக்குப் பிடுங்க வண்டியும் வந்துவிட்டது.

ஊஞ்சலையும் சேர்க்கச் சொல்லி, வரைபடத்தைச் சரிபார்க்கும் சேவியரைப் போனில் பிடித்தாள்.

"வெறும் ஊஞ்சல் படம் செல்லாதுங்க. புள்ள ஒண்ணு ஆடுற மாதிரி அனுப்புங்க, உடனே ஏத்திடுறேன்."

"கோட்டுக்கு வெளிய யாரு புள்ளைய சார் உக்கார வைக்கிறது?"

"விதி அப்படிங்க."

சுற்றி நின்ற தாய்மார்கள் பிள்ளைகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மணி ஐந்து ஐம்பத்தெட்டு. கீர்த்திகா தன் மகள் நிறைமதியைப் பார்த்தாள். அவள் பட்டை ஏற்கெனவே இரண்டு முறை அலறியிருந்தது.

"ஏறிக்கோ கண்ணு. நல்லா வீசி ஆடு."

பட்டை அலறியது. படம் போய்ச் சேர்ந்தது. வண்டி திரும்பிப் போனது.

மறுநாள் ஊஞ்சலுக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கம்பிக்கதவுக்கு வெளியே நின்ற நிறைமதி அம்மாவின் போனைத் தொட்டாள்.

"என்னையும் உள்ள வச்சு ஒரு கோடு போடேம்மா."