மிச்சமான வளையம்

தம்பி க்ளைவின் பழைய மோட்டார் சைக்கிளில், பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள், இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே நிற்க வேண்டிய இரும்பு வளையத்தை ட்ரெவர் தன் கையாலேயே கிரீஸ் தடவி வைத்தான். அச்சுக் கம்பியைச் செருகி நட்டை இறுக்கினான். திரும்பிப் பார்த்தால் வளையம் தரையில் விரித்திருந்த செய்தித்தாளின்மேல் கிடந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"செத்தும் திருந்தலையாடா நீ, க்ளைவ்!" ஸ்பேனரை விட்டெறிந்தான்.

எதைப் பூட்டினாலும் ஒன்றை மிச்சம் வைத்து, "ஃபேக்டரிக்காரன் அதிகமாப் போட்டுட்டான்" என்று சிரிப்பான் க்ளைவ். அப்படி விட்ட வளையத்தால்தான் சக்கரம் இறுகி, டட்லி சாலை வளைவில் செத்தான். பதினோரு வருஷமாக ட்ரெவர் ஊரெல்லாம் சொல்லும் கதை இது.

சத்தம் கேட்டு மனைவி மோரீன் ஷெட்டுக்குத் தேநீரோடு வந்தாள். "செத்தவனை ஏன் இன்னும் கரிச்சுக் கொட்டுற? கடைசியா சக்கரத்தைக் கழட்டின அன்னைக்கு அவன் காய்ச்சல்ல கிடந்தான். திரும்பப் பூட்டிக் குடுத்ததே நீதானே?"

"வாயை மூடிட்டுப் போ!"

கோப்பையை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். ட்ரெவர் நான்காவது தடவையாக வளையத்தை வைத்துப் பூட்டினான். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது காலியாகவே இருந்தது.

அவன் போட்டிருந்த மேலங்கியின் பை கனத்தது. பதினோரு வருஷத்துக்கு முன், மிச்சமான வளையத்தை யாரும் பார்க்காமல் அவன் போட்டுக்கொண்ட அதே பை. துணியில் கிரீஸ் வட்டமாக ஊறிக்கொண்டிருந்தது.