பழைய பதில்

"இதயம் பலவீனமா இருக்கு. கால் வீங்குது, படுத்தா மூச்சு வாங்குது. பீட்டா பிளாக்கர் மாத்திரை குடுக்கலாமா, கூடாதா?"

தடித்த புத்தகத்தைப் பிரித்துப் பிடித்து நடந்துகொண்டே கேட்டாள் மனைவி அருணாதேவி. காலை ஏழு மணி. கிரிவலப் பாதையில் கூட்டமில்லை.

"கூடாது..." சரவணகுமார் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்ல இல்ல, குடுக்கணும். மூச்சு வாங்கறது அடங்கினப்புறம், ரொம்பக் கம்மியா ஆரம்பிச்சு, கொஞ்சங்கொஞ்சமா ஏத்தணும்."

"அப்பாடா! போன தடவை கோட்டை விட்டது இதுலதானே?"

"ஆமா. பத்து வருஷப் பழைய புத்தகத்தை வேதம்னு நம்பிட்டேன். ஆறு மாசம் பாழாப் போச்சு அருணா."

அந்த அவமானம் அவர் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. தாங்க முடியாமல்தான் 2002-ம் ஆண்டுப் புதுப் பதிப்பை வாங்கி, லீவு போட்டுச் சொந்த ஊருக்கு வந்துவிட்டார். வீட்டில் இருந்தால் ஆள் மாற்றி ஆள் விசாரிக்க வருகிறார்கள் என்று மலையைச் சுற்றியே படிப்பு.

அடி அண்ணாமலையில் டீக்கடைக்கார இருசப்பன் கிளாஸை நீட்டிவிட்டு, புத்தகத்தையும் அவருடைய நரைத்த தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த வயசுல பரீட்சையா சார்? எம் பையன் பத்தாவதுல ஒரு தபா ஃபெயிலானதுக்கே மாடு மேய்க்கப் போறேன்னுட்டான். நீங்க விட மாட்டேன்றீங்களே!"

"வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிரும்ப்பா," என்று அசடு வழிந்தார் சரவணகுமார்.

கடையைத் தாண்டியதும் அருணாதேவி மெல்ல ஆரம்பித்தாள். "இவ்ளோ பயந்துக்கிட்டு ஏன் போகணும்? உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு இந்தத் தடவை போகாம இருந்துடுங்களேன்."

"மாட்டேன். தப்பு பண்ணது நான். நானே போய்த்தான் சரி பண்ணணும். நீ அடுத்த கேள்வியைக் கேளு."

அவளும் சளைக்கவில்லை. மஞ்சள் காமாலை, வலிப்பு, காசநோய் என்று ஒரு பிடி பிடித்துவிட்டாள். வியாழக்கிழமைக்குள் இன்னும் இரண்டு முறை மலையைச் சுற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, வெளியூர் மருத்துவக் கல்லூரியின் தேர்வு அறைக்குள் நுழைந்தார் சரவணகுமார். 'அண்ணாமலையாரே, இந்தத் தடவை கைவிட்டுடாதே' என்று வேண்டிக்கொண்டார்.

கவிநிலா என்ற மாணவியும் பயந்துகொண்டேதான் உள்ளே வந்தாள்.

"உக்காரும்மா. பீட்டா பிளாக்கர் பத்திப் போன தடவை நீ சொன்ன பதில்தான் சரி. தெரியாம இருந்தது நான்தான்," என்றார், ஆறு மாதத்துக்கு முன்னால் அவளை ஃபெயிலாக்கிய தேர்வாளர் சரவணகுமார்.