குறை சொல்லி விற்ற போன்

பர்மா பஜாரில் பழைய போன் விற்பவன் குறையைத் தானே முதலில் சொல்லிவிட வேண்டும். விட்டால் வாங்க வந்தவர் அதையே பிடித்துக்கொண்டு விலையை உடைப்பார். போன் வாங்க வந்த ரஹீமாவிடமும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

“இது பட்டன் போன்மா. இப்ப வர்ற போன், நீங்க வேலையா இருந்தா உங்க குரல்லயே அதுவா பதில் பேசிடும்ல, இது பேசாது.”

“நிஜமாவா பாய்?” ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டாள்.

“பேச்சுல இருக்கற கோபத்தை வடிகட்டாது. இருமினா இருமல் கேக்கும். ஆள் எடுக்கலைன்னா மணி அடிச்சுக்கிட்டே கிடக்கும்.”

நான் குறை சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது. விலையை ஏற்றிச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு வயிறு எரிந்தது.

குவைத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவனிடம் இதே மாதிரி ஒரு பட்டன் போனை அவள் தம்பி கொடுத்துவிட்டு வந்திருந்தான். இவளுடைய புது போனும் பேச்சை வடிகட்டிவிடும் என்பதால், அதில் கூப்பிட இவளுக்கும் ஒன்று தேவை. அதுவரை மூன்று வருடமாக அவன் ஒரு அழைப்பையும் தவறவிட்டதில்லை. எப்போது கூப்பிட்டாலும் தேனாகப் பேசினான். பேசுவது அவனா, அவன் போனா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கடையிலிருந்தே கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்துக் கடைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் எடுத்தான்.

“நான்தாங்க, ரஹீமா.”

“கிரேன் மேல உக்காந்திருக்கேன், இப்பவா கூப்பிடுவே? வைடி.”

இணைப்பு அறுந்தது. அவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“திட்டிட்டு வச்சுட்டாரு பாய். அவரேதான்.”