உள்ளதைக் கொண்டே

"டோக்கன் மெஷினும் கிடையாது, புது ஆளும் கிடையாது. இருக்கிறதை வச்சே கூட்டத்தைக் குறைக்கப் பாரு. இன்னைக்கும் படிக்கட்டு வரைக்கும் ஆள் நின்னா, நாளையிலிருந்து நீ வர வேண்டாம்!"

டாக்டர் வரவேற்புப் பெண்ணை வாசலிலேயே பிடித்துக் கடிந்துகொண்டார். அவள் சம்பளத்தை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

தாமதத்தின் காரணத்தை அவள் அறிவாள். அது உள்ளே, டாக்டரின் மேசைக்கருகே மெத்தை நாற்காலியில் வீற்றிருந்தது. டாக்டரின் மாமனார்! பொழுது போகாமல் நாள்தோறும் அங்கே எழுந்தருளும் அவர், வருவோரின் ஊரையும் உறவையும் விசாரித்து முடித்த பிறகுதான் டாக்டர் அவர்களுடைய நாடியைத் தொட முடியும்.

"டாக்டர்... ஐயாவை வெளியே கூடத்துல உட்கார வச்சுக்கட்டுமா? காத்திருக்கிறவங்களுக்கும் பேச்சுத்துணையா இருக்கும்."

டாக்டரின் முகம் மலர்ந்தது. மாமனாரை எழுப்பும் துணிவு, மணமான நாள்முதல் அவருக்கு வாய்த்ததே இல்லை.

"நீயே கூப்பிடு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே தாயே, வீட்ல எனக்குச் சோறு கிடைக்காது!"

மெத்தை நாற்காலி கூடத்தின் நடுவே இடம் பெயர்ந்தது. பெரியவர் முழங்காலைத் தடவியபடியே அமர்ந்து திருவாய் மலர்ந்தார். உள்ளே நெடுநாளைக்குப் பின் அமைதி குடிகொண்டது. நோயாளிகள் விரைவாக வந்து விரைவாகச் சென்றனர்.

சிறிது நேரத்தில் டாக்டர் மணியை அழுத்தினார். எவரும் வரவில்லை. மீண்டும் அழுத்தினார். எழுந்து வந்து எட்டிப் பார்த்தால், கூடம் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

"பிரமாதம்மா! காலணாச் செலவில்லாம சாதிச்சுட்டியே! இனி உன் வேலையை யாரும் அசைக்க முடியாது."

"நான் ஒண்ணும் செய்யலை டாக்டர்" என்றாள் அவள், தலை நிமிராமல். "எல்லாம் ஐயாதான்."

"அப்படி என்ன மாமா பேசினீங்க?"

"எல்லாம் உங்க பெருமைதான் மாப்பிள்ளை!" பெரியவர் பூரித்தார். "பத்து வருஷமா இந்த முழங்கால் வலிக்கு உங்க மருந்தைத் தவிர வேற எதையும் நான் தொட்டதில்லை, வலி அப்படியே இருந்தும் டாக்டரை மாத்தலைன்னு சொன்னேன். அவ்வளவுதான், எல்லாரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுக் கிளம்பிட்டாங்க!"