மூன்றாம் ஓலையும் ஒரு 'ப்ரோ'வும்

சகல விசுவாசிகளும் செவிமடுக்கவும். திருமுல்லைவாயிலில் அந்தக் கோயிலைக் கட்டிய நாளிலிருந்து எவரும் செய்யத் துணியாத ஒரு காரியத்தை, இந்த ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு ஜேசுராஜ் செய்யப்போகிறார். 'ப்ரோ' என்ற ஒற்றைச் சொல்லுக்காக ஒரு கல்யாணத்தை நிறுத்தப்போகிறார்.

பீடத்தில் நின்று புதுச் சாமியார், மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்தார். "மணமகன் ஜே. ஆன்சன், மணமகள் எஸ். ரியா. இது மூன்றாம் ஓலை. இத்திருமணத்திற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் உடனே தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

கடமை என்று காதில் விழுந்ததும் ஜேசுராஜ் எழுந்துவிட்டார். பூசை முடிந்ததும் வெளியே, மாதா சிலை இருக்கும் கெபி பக்கத்தில், அவர் மனைவி சகாயம்மாள் ஓடிவந்து சட்டையைப் பிடித்தாள்.

"பத்திரிகை பாதி ஊருக்குப் போயாச்சு. இப்பப் போயி நிறுத்துனா ரியா இன்னா ஆவா?"

"ரியாவுக்காகத்தான்டி போறேன்."

"சின்னப் பையன். ஏதோ வாய்க்கு வந்தத பேசிக்கினு கீறான். கல்யாணமானா சரியாயிடுவான்."

ஜேசுராஜுக்கு உச்சி சுட்டது. 'ப்ரோ' ஒரு எரிச்சல், 'வேற லெவல்' ஒரு எரிச்சல். ஆனால், ஊரே கூடி ஓதுகிற இந்த வாசகம்தான் அவரை உயிரோடு கொளுத்தும்.

"யாரு சரி பண்றது? ரியாவா? அவ இன்னா ரிப்பேர் கடையா வெச்சிக்கினு கீறா?"

ஆவடித் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவிலேயே தலை நரைத்தவர் அவர். பழுது கண்டால் தள்ளிவிடுவார். அது யார் கையால் ஆன உருப்படி என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

சாமியார் பங்குக்கு வந்தே ஒரு வாரம்தான். யார் முகமும் பழகவில்லை. தன் அறைக்கு வந்தவரை உட்காரச் சொன்னார்.

"ஓலைக்குத் தடை சொல்ல வந்தேன் சாமி." ஜேசுராஜின் தொண்டை கட்டிப்போயிருந்தது.

சாமியார் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குருமடத்தில் படித்த சட்டம் முதன்முதலாக வேலைக்கு வருகிறது. "பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?"

"இல்ல."

"நெருங்கின ரத்த சொந்தமா?"

"அதெல்லாம் இல்ல சாமி."

"அப்ப என்னதான் பண்றான்?"

"பேசறான்."

சாமியார் புரியாமல் பார்த்தார்.

"நிச்சயதார்த்தத்துல நெத்தியில சிலுவை போட்டு ஆசீர்வாதம் பண்ணேன். 'தேங்க்ஸ் ப்ரோ'ன்றான். ஆட்டோக்காரனும் ப்ரோ, பேங்க் மேனேஜரும் ப்ரோ. நாளைக்கு ஆயர் வந்து நின்னாலும் ப்ரோதான்."

சாமியார் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். "திருச்சபைச் சட்டத்துல 'ப்ரோ' ஒரு தடை இல்லீங்களே."

"ஆக்கிடுங்க." ஜேசுராஜ் சிரிக்கவில்லை. "போன மாசம் என் பொஞ்சாதி நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில கெடந்தா. மூச்சுக்குத் தவிக்கறா. அந்தப் பய வந்து கட்டில் பக்கத்துல நின்னான். 'சில் ப்ரோ, பாத்துக்கலாம்'னான். மேட்ச் பாக்கப் போயிட்டான்."

சாமியாரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"வேலைய உட்டானா, பாத்துக்கலாம். கடன்ல வாங்குன வண்டிய பேங்க்காரன் தூக்கிக்கினு போனானா, பாத்துக்கலாம். எதையாச்சும் பாத்துக்கினானா? ஆஸ்பத்திரில பாத்துக்கினது யாரு? ரியா. நைட் டூட்டி முடிச்சிட்டு, நர்ஸ் உடுப்போட ஓடியாந்து கஞ்சி ஊட்டிச்சு. இனிமே ஆயுசு பூரா அவனையும் சேத்து அதுவே பாத்துக்கணுமா? கேட்டா, 'கல்யாணமானா சரியாயிடுவான்'னு அதுவும் சொல்லுது சாமி."

சாமியார் குரலில் பரிவைக் கூட்டிக்கொண்டார். "பொண்ணைப் பெத்தவங்களுக்குக் கடைசி நேரத்துல பயம் வர்றது சகஜம். அதுக்காக ஓலைய நிறுத்திட முடியுமா? பையனோட அப்பா என்ன சொல்றாரு?"

"அந்தாளு கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்."

"இருந்தாலும் பெத்தவர் ஆச்சே, விட்டுக் குடுப்பாரா?" எந்த அப்பன்தான் அதைச் செய்வான் என்ற தைரியத்தில் சாமியார் எழுந்து கதவைத் திறந்தார். "ஒண்ணு பண்ணுங்க. ஆன்சனோட அப்பாவே வந்து, இந்த நாற்காலியில உக்காந்து, 'என் பையனுக்கு உங்க பொண்ணு வேணாம்'னு சொல்லட்டும். இப்பவே ஓலைய நிறுத்தறேன்."

ஜேசுராஜ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உக்காந்துக்கினுதான் சாமி கீறேன்."